ஒரு சொற்பொழிவு, பல வகுப்பறைகள்

தில்லியில் நிகழும் ஒரு சொற்பொழிவை நாட்டின் பல பாகங்களிலுள்ள கல்லூரிகள் ஒரே சமயத்தில் காண்பது இன்று சாத்தியமாகியுள்ளது. உயர்கல்வி, ஆராய்ச்சி நிலையங்களை இணைக்கும் தேசிய அறிவுப் பிணையத்தை மத்திய அரசு 2010ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் அங்கீகரித்தது. தேசியத் தகவலியல் மையம் அதனை நிறுவியது. இத்தகைய பிணையங்களில் பயன்படக்கூடிய 'மல்டிகாஸ்ட்' எனும் முறையை ஈண்டு விளக்குவோம்.

வினாடிக்கு 4 மெகாபிட் அளவுள்ள ஒளிபரப்பை 200 கல்லூரிகளுக்குத் தனித்தனியே அனுப்பினால், புறப்படும் இடத்தில் 800 மெகாபிட் தேவைப்படும். மல்டிகாஸ்ட் முறையிலோ ஒரே பிரதி புறப்படுகிறது. பாதை பிரியுமிடத்தில் மட்டுமே அது பெருகுகிறது. வாய்க்கால் கிளைகளாகப் பிரிவதை இதற்கு உவமை கூறலாம். ஆயின் இங்கே கிளைதோறும் முழு அளவும் பாய்கிறது. இதற்கான அடிப்படை விதிகளை ஸ்டீவ் டீரிங் என்பவர் 1989இல் வகுத்து வெளியிட்டார்.

இவ்வொளிபரப்பு தனியொரு கணிப்பொறியின் முகவரிக்கன்றி, ஒரு குழுவின் முகவரிக்கே அனுப்பப்படுகிறது. 224 முதல் 239 வரையிலான எண்களில் தொடங்கும் முகவரிகள் இதற்கென ஒதுக்கப்பட்டவை. ஒரு நிறுவனத்தின் உட்பயனுக்கு 239இல் தொடங்குபவை ஏற்றவை. 224.0.0 எனத் தொடங்குபவற்றை ரூட்டர்கள் வெளியே அனுப்பா. ஆகையால் அவற்றைத் தவிர்த்தல் வேண்டும்.

ஊர்களுக்கிடையே வழிகாட்டுவது ரூட்டர். அது கையாளும் விதிமுறை 'பிம்' எனப்படும். கட்டிடத்தினுள் பங்கிடுவது ஸ்விட்ச். கணிப்பொறிகள் ஐ.ஜி.எம்.பி. என்ற விதிமுறைப்படி, "இக்குழுவில் சேர விரும்புகிறேன்" என அறிவிக்கின்றன. ஸ்விட்ச் இவ்வறிவிப்பை உற்றுக் கவனித்து, கேட்ட வாயில்களுக்கு மட்டும் ஒளிபரப்பை விடுகிறது. இக்கவனிப்பு இயக்கப்படாவிடின், எல்லா வாயில்களிலும் வெள்ளம் பாய்ந்து, அலுவலகக் கணிப்பொறிகளும் தாமதமுறும்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. உறுப்பினர் இன்னும் இருக்கின்றனரா என ஒரு சாதனம் அவ்வப்போது வினவ வேண்டும். வழக்கமான இடைவெளி 125 வினாடி. வினவுவோர் எவருமில்லையேல் கணிப்பொறிகள் மறுமொழி கூறா; ஏறத்தாழ 260 வினாடியில் ஸ்விட்ச் அவ்வாயிலைப் பட்டியலினின்று நீக்கிவிடும். செம்மையாகத் தொடங்கிய பாடம் நான்கு நிமிடம் கடந்ததும் திடீரென நின்றுவிட்டால், கம்பியிலோ தில்லியிலோ பழுதெனக் கருதலாகாது. முதலில் வினவும் சாதனம் உண்டா என ஆராய்க.

ரூட்டரின் அவ்வாயிலில் 'பிம்' இயக்கப்பட்டிருப்பின் அதுவே வினவும். இல்லையேல் ஸ்விட்சிலேயே வினவும் பணியை இயக்கி, அதற்குரிய முகவரியும் அளித்தல் வேண்டும். களப்பணியாளர் சோதனையை ஒரு நிமிடத்தில் முடித்துவிடாது, ஐந்து நிமிடமேனும் தொடர்ந்து கவனித்த பின்னரே வகுப்பறையை ஆசிரியரிடம் ஒப்படைப்பது நலம்.