அம்மாவின் வேலைக்கு வந்த வண்டு

எங்கள் வீட்டு வேலியில் படர்ந்திருந்த பரங்கிக்கொடியில் பூவுக்குக் குறைவே இல்லை. காய்தான் நிற்கவில்லை. பூவின் அடியில் கோலிக்குண்டு அளவுக்குப் பிஞ்சு தெரியும். மகனைக் கூப்பிட்டுக் காட்டுவேன். நான்கைந்து நாளில் அது மஞ்சளாகி உதிர்ந்துவிடும். உரம் போதவில்லையோ என்று உரம் போட்டேன். வெயில் அதிகமோ என்று வலை கட்டினேன். ஒன்றும் நடக்கவில்லை.

ஜொகூரிலிருந்து வந்து எங்களோடு தங்கியிருந்த அம்மா, ஒரு நாள் காலை ஏழு மணிக்குக் கொடியின் பக்கம் போனார். ஓர் ஆண்பூவைப் பறித்து, இதழ்களைக் கிள்ளிப் போட்டுவிட்டு, நடுவில் இருந்த மஞ்சள் தண்டைப் பெண்பூவுக்குள் விட்டு மெல்லத் தேய்த்தார்.

“பொட்டப்பூவுக்குத் தூள் சேரலைன்னா காய் எப்படிம்மா நிக்கும்? உங்க வீட்டுல ஒரு வண்டைக்கூடக் காணோமே” என்றார்.

அந்தப் பிஞ்சு உதிரவில்லை.

அம்மாவுக்கு இது எப்படித் தெரியும் என்று நீங்கள் கேட்கலாம். அது அவர் சம்பளத்திற்குச் செய்த வேலை. 1970-களின் கடைசியில், குளுவாங் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில், பதினெட்டு வயதில் அவர் பெயர் பதிந்ததே இந்த வேலைக்குத்தான். செம்பனையில் ஆண் பூங்குலையும் பெண் பூங்குலையும் தனித்தனி. ஒரே மரத்தில் வந்தாலும் ஒரே நேரத்தில் மலர்வதில்லை. ஆகவே ஒரு மரத்தின் மகரந்தம் இன்னொரு மரத்துக்குப் போய்ச் சேர வேண்டும். அதைக் கொண்டுபோய்ச் சேர்த்தவர்கள் மனிதர்கள், பெரும்பாலும் பெண்கள். ஆண்பூவிலிருந்து தூளை உதிர்த்து, சலித்து, டால்கம் பவுடரோடு கலந்து, ஊதும் பம்பில் நிரப்பிக்கொண்டு நிரை நிரையாக நடப்பார்கள். மட்டைகளின் முள்ளுக்கு நடுவே கையை விட்டு, மலர்ந்த பெண் குலையைத் தேடி ஊத வேண்டும். பூ இரண்டு மூன்று நாள்தான் தூளை ஏற்கும் என்பதால் அதே நிரைக்குத் திரும்பத் திரும்பப் போக வேண்டும். அம்மாவின் முழங்கையில் முள் கீறிய தழும்புகள் இன்னும் இருக்கின்றன.

செம்பனை இந்த நாட்டு மரம் அல்ல. மேற்கு ஆப்பிரிக்க மரம். வணிகத் தோட்டமாக அது இங்கே முதலில் நடப்பட்டது 1917-இல், சிலாங்கூரின் தெனமாராம் தோட்டத்தில். மரம் கடல் கடந்து வந்துவிட்டது. அதன் சொந்த ஊரில் அதற்கு மகரந்தம் சுமந்த பூச்சி கூட வரவில்லை. காற்றே வேலையைச் செய்துவிடும் என்றுதான் நீண்ட காலம் நினைத்திருந்தார்கள். 1970-களில் பாகிஸ்தானைச் சேர்ந்த பூச்சியியல் அறிஞர் ரஹ்மான் சையது கெமரூனுக்குப் போய் ஆராய்ந்தபோதுதான், ஒரு சின்னஞ்சிறு கூன்வண்டு அந்த வேலையைச் செய்துகொண்டிருப்பது தெளிவானது. நீளம் மூன்று, நான்கு மில்லிமீட்டர்தான். மலர்ந்த செம்பனை ஆண்பூவில் சோம்பு வாசனை அடிக்கும். அந்த வாசனைக்கு வண்டுகள் மொய்க்கும், அங்கேயே முட்டையிடும். பெண்பூவும் இலேசாக அதே வாசனையை வீசி வண்டை ஏமாற்றி வரவழைக்கும். ஏமாந்து வந்த வண்டின் உடம்பில் ஒட்டியிருக்கும் தூளில்தான் நம் நாட்டின் சமையல் எண்ணெய் தொடங்குகிறது.

மற்றப் பயிர்களுக்குக் கெடுதல் செய்யாது என்று சோதித்த பிறகு, 1981 பிப்ரவரியில் அந்த வண்டுகளைக் குளுவாங்கில் திறந்துவிட்டார்கள். கொஞ்ச காலத்திலேயே அவை தீபகற்பம் முழுவதும் பரவின. ஊதும் பம்புகள் ஸ்டோருக்குள் போயின.

இந்தக் கதையை அறிவியலின் வெற்றியாகவே எல்லா இடத்திலும் சொல்வார்கள். அம்மா அப்படிச் சொல்வதில்லை. “அந்த வண்டு வந்துதான் எங்க வேலை போச்சு” என்பார். தூள் ஊதிய பெண்களில் பலரைப் புல்லுக்கு மருந்தடிக்க அனுப்பினார்கள். முதுகில் பம்பு, உள்ளே பாராகுவாட். மூக்கில் ரத்தம் வரும், நகம் சொத்தையாகும். 2020 ஜனவரியில்தான் அந்த மருந்து மலேசியாவில் முழுமையாகத் தடை செய்யப்பட்டது. அம்மா அதற்கு வெகுகாலத்திற்கு முன்பே பேர் வெட்டிக்கொண்டு வந்துவிட்டார். ஆனாலும் “மருந்து” என்ற சொல்லைக் கேட்டால் இன்றும் தன் நகத்தைத்தான் பார்ப்பார்.

அவர் என் வீட்டில் வண்டைத் தேடியபோது நான் பதில் சொல்லாமல் நின்றதற்குக் காரணம் உண்டு. போன ஆண்டு என் மகனுக்கு டிங்கி வந்தது. ஐந்து நாள் மருத்துவமனையில் இருந்தோம். ரத்தத்தட்டணுக்களின் எண்ணிக்கையை எழுதிய தாளைத் தாதி நீட்டும்போதெல்லாம் என் கை நடுங்கியது. வீடு திரும்பியதும் கடையில் இருந்த மிகப் பெரிய பூச்சிமருந்து டின்களாகப் பார்த்து நான்கு வாங்கினேன். தினமும் மாலையில் வீட்டுக்குள், வாசலில், செடிகளுக்கு அடியில், வேலியோரத்தில் அடித்தேன். எறும்பு செத்தால்கூட ஓர் ஆறுதல்.

அந்த டின்களில் இருப்பது பெரும்பாலும் பைரித்ராய்டு வகை மருந்து. கொசு, தேனீ, பட்டாம்பூச்சி என்று அது வேறுபாடு பார்ப்பதில்லை. நான் ஆறு மாதம் செய்த வேலைக்கும் காய்க்காத பரங்கிக்கும் தொடர்பு உண்டு என்று ஆய்வுக்கூடத்தில் நிரூபிக்க என்னால் முடியாது. எனக்கு அது தேவையும் இல்லை.

வட்டாரத்தில் டிங்கி பரவும்போது வரும் புகையடிப்பு வண்டியை நான் குறை சொல்ல மாட்டேன். அந்த ஐந்து நாளுக்குப் பிறகு அதற்கு எனக்கு வாய் வராது. ஆனால் புகையோ டின்னோ பறக்கும் கொசுவைத்தான் கொல்லும். தண்ணீரில் நெளியும் புழுவை ஒன்றும் செய்யாது. ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து வெளிவந்து வளர்ந்து பறக்க ஒரு வாரம், பத்து நாள் போதும். அதனால்தான் வாரத்தில் 10 நிமிடம் ஒதுக்கித் தேங்கிய நீரைத் தேடச் சொல்லிச் சுகாதார அமைச்சு ஓயாமல் நினைவூட்டுகிறது. நான் ஒருநாள் நேர்மையாகத் தேடிப் பார்த்தேன். குளிர்பதனப் பெட்டியின் பின்னால் உள்ள தட்டு, துளசித் தொட்டியின் அடித்தட்டு, பூஜையறையில் பூப் போட்டு மறந்துவிட்ட பித்தளைக் கிண்ணம். மூன்றாவதில் புழு இருந்தது! நான் வெளியே வேலியோரத்தில் மருந்தடித்துக்கொண்டிருக்க, கொசு சாமி முன்னாலேயே வளர்ந்திருக்கிறது.

இப்போது ஞாயிறு காலையில் மகனும் நானும் அந்த 10 நிமிட வேலையைச் செய்கிறோம். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, பாத்திரத்தின் உட்புறத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும். ஏடிஸ் முட்டை சுவரில் ஒட்டிக்கொண்டு, காய்ந்த நிலையிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். கொட்ட முடியாத இடத்தில் கொசுப்புழுவைத் தாக்கும் பிடிஐ என்ற பாக்டீரியா மருந்து போடலாம். தேனீக்கு அதனால் கேடில்லை. படுக்கையறைச் சன்னலுக்கு வலை அடித்துவிட்டோம். டின்னை வெளியே கொண்டுபோவதை நிறுத்தினேன்.

செடிகளுக்கு வேறு பெரிதாக எதுவும் செய்யவில்லை. துளசியைப் பூக்குமுன் கிள்ளிவிடும் பழக்கத்தை விட்டேன். பூத்த துளசிக்கு இத்தனை விருந்தாளிகள் வருவார்கள் என்று எனக்குத் தெரியாது. எறும்பளவே இருக்கும் கொட்டாத தேனீ, மலாய்க்காரர்கள் கெலுலுட் என்பார்களே, அதுதான் முதலில் வந்தது. கத்தரிச் செடியில் மாவுப்பூச்சி வந்தால் குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சி அடிக்கிறேன். மீதியைப் பொறிவண்டு பார்த்துக்கொள்கிறது. கத்தரிப்பூ விசித்திரமான பூ. அதன் தூள் ஒரு சிறு துளைக்குள் அடைந்து கிடக்கும். தச்சுக் கருவண்டு பூவைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு ‘ர்ர்ர்’ என்று உடம்பை அதிர வைத்தால் தூள் கொட்டும். அந்தச் சத்தம் கேட்டு முன்பெல்லாம் கதவைச் சாத்துவேன். அது நம்மை ஒன்றும் செய்ய வரவில்லை.

மாடி வீட்டில் இருப்பவர்கள் மண் இல்லையே என்று ஒதுங்க வேண்டாம். தாழ்வாரத்தில் ஒரு துளசித் தொட்டி, ஓர் இட்லிப்பூச் செடி போதும். மருந்தடிக்காமல் இருந்தால் சரி. வாசல் விளக்கையும் இரவு முழுக்க எரிய விட வேண்டியதில்லை. கோலசிலாங்கூர் கம்போங் குவாந்தானில் மின்மினி பார்க்கப் படகேறும்போது விளக்கை அணைக்கச் சொன்னால் அணைக்கிறோம். வீட்டு வாசலில் விட்டில்களைச் சுற்றிச் சுற்றிச் சாக விடுகிறோம்.

மிச்சமிருந்த ஒரே சண்டை கறிவேப்பிலைக்காக. எலுமிச்சை, கறிவேப்பிலைத் தளிர்களில் ஒரு வகைப் பட்டாம்பூச்சி முட்டையிடும். குட்டிப் புழு பார்ப்பதற்குப் பறவை எச்சம் போலவே இருக்கும். பறவை தின்னாமல் இருக்க அந்த வேடம். வளர்ந்தால் பச்சையாகிவிடும். தொட்டால் தலையிலிருந்து ஆரஞ்சு நிறத்தில் இரட்டைக் கொம்பை நீட்டி நாற்றம் வீசும். என் மகன் அதற்காகவே தொடுகிறான். வெங்காயம் தாளிக்கும் நேரத்தில் செடியில் வெறும் காம்பு நின்றால் எனக்குக் கோபம் வராதா? நசுக்கப் போன என் கையை அம்மாதான் தடுத்தார். பிறகு பசாரில் இன்னொரு செடி வாங்கி வந்து, ஒன்று எங்களுக்கு, ஒன்று அவற்றுக்கு என்று பிரித்தோம். எங்கள் செடியில் புழுவைக் கண்டால் மகன் இலையோடு கிள்ளி மற்றச் செடியில் விடுகிறான்.

போன வாரம் அவற்றின் செடி மொட்டையாகிவிட்டது. எங்கள் செடியின் பக்கம் இரண்டு நகர ஆரம்பித்திருக்கின்றன. அம்மா நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்.