கோலப் புள்ளியும் கணிப்பொறிப் படமும்

மார்கழி மாத விடியற்காலையில் திண்டிவனத்தின் தெருக்களில் நடந்து பாருங்கள். வாசலில் பெரிய கோலம் ஒன்று வளர்ந்துகொண்டிருக்கும். எதிர்வீட்டுப் பெண் எட்டிப் பார்த்து, "இது எத்தனை புள்ளி அக்கா?" என்று கேட்பாள். "7 புள்ளி, இடைப்புள்ளி, 4 வரை" என்று பதில் வரும். அவ்வளவுதான்! மறுநாள் அதே கோலம் எதிர்வாசலிலும் பூத்திருக்கும். ஓரத்தில் இரண்டு மாங்காய் கூடுதலாகவும் இருக்கலாம்.

அந்த அக்கா படத்தைத் தூக்கிக் கொடுக்கவில்லை. படம் போடும் விதியைச் சொன்னார். அதற்குக் காசும் கேட்கவில்லை. கணிப்பொறியில் படம் வரையும் கலையைப் புரிந்துகொள்ள இந்த இரண்டும் நமக்கு உதவும்.

30 லட்சம் எண்களா, 6 எண்களா?

கணிப்பொறி ஒரு படத்தை இரண்டு வகையில் நினைவில் வைக்கிறது. முதல் வகையில், படம் சிறுசிறு கட்டங்களாகப் பிரிக்கப்படுகிறது. ஒவ்வொரு கட்டமும் ஒரு படப்புள்ளி. அதன் நிறத்தைச் சிவப்பு, பச்சை, நீலம் ஆகியவற்றின் அளவைக் காட்டும் மூன்று எண்களால் குறிக்கிறோம். நீளத்தில் 1000, உயரத்தில் 1000 புள்ளிகள் கொண்ட படத்தில் 10 லட்சம் புள்ளிகள் உண்டு. சுருக்காமல் வைத்தால் 30 லட்சம் எண்கள் வேண்டும்! அப்படத்தைப் பலமடங்கு பெரிதாக்கினால் கட்டங்கள் பல்லிளிக்கும். கைப்பேசியில் எடுக்கும் ஒளிப்படங்கள் இந்த வகையைச் சேர்ந்தவை.

இரண்டாவது வகை கோலத்தைப் போன்றது. ஒரு சிவப்பு வட்டம் வேண்டுமா? மையத்தின் இடத்தைக் காட்ட இரண்டு எண்கள், ஆரத்துக்கு ஒன்று, நிறத்துக்கு மூன்று. ஆக மொத்தம் 6 எண்கள் போதும். அஞ்சல்தலை அளவிலும் வரையலாம், சுவர் அளவிலும் வரையலாம், விளிம்பு மழுங்காது. இதனை வெக்டர் படம் என்பர்.

கோலத்துக்குள் கணிதம் இருப்பதை நம்மவர்களே ஆராய்ந்திருக்கிறார்கள். கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகிய மூவரும் கோலங்களைச் சில இலக்கண விதிகளால் உருவாக்கிக் காட்டிய கட்டுரையை 1974-இல் வெளியிட்டனர். சிரோமணி தம்பதியர் பணியாற்றிய சென்னைக் கிறித்துவக் கல்லூரி எங்கே இருக்கிறது தெரியுமா? விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் வழியாகச் சென்னைக்குச் செல்லும் அதே இரயில் பாதையிலுள்ள தாம்பரத்தில்தான்!

வளைகோட்டை எப்படிச் சொல்வது?

வட்டம் எளிது. மயிலின் கழுத்தை எண்களால் எப்படிச் சொல்வது? பிரான்சு நாட்டுக் கார்த் தொழிற்சாலைகளில் இக்கேள்வி எழுந்தது. காரின் வளைந்த உடலைத் துல்லியமாகக் குறிக்க, சிட்ரோயன் நிறுவனத்தில் பால் தெ காஸ்தெல்ஜோ 1959-இல் ஒரு முறையைக் கண்டார். 1960-களில் ரெனோ நிறுவனத்தின் பியர் பெசியே இத்தகைய வளைகோடுகளைப் புகழ்பெறச் செய்தார். இன்று அவை பெசியே வளைகோடுகள் எனப்படுகின்றன.

நீங்களே செய்து பாருங்கள். தாளில் ஒரு கூரையின் வடிவில் அ, ஆ, இ என மூன்று புள்ளிகள் இடுங்கள். ஆ உச்சியில் இருக்கட்டும். அ–ஆ, ஆ–இ கோடுகளை வரையுங்கள். அவ்விரண்டின் நடுப்புள்ளிகளையும் இணையுங்கள். இணைத்த கோட்டின் நடுப்புள்ளி வளைகோட்டின் மீது இருக்கும். அடுத்து, நடுப்புள்ளிக்குப் பதிலாகக் கால் பங்குத் தூரத்தில் செய்யுங்கள்: அ-விலிருந்து ஆ-வை நோக்கிக் கால் பங்கு, ஆ-விலிருந்து இ-யை நோக்கிக் கால் பங்கு, அவ்விரண்டையும் இணைத்த கோட்டிலும் கால் பங்கு. பிறகு முக்கால் பங்கு. கிடைத்த புள்ளிகளை அ-விலிருந்து இ வரை இணைத்தால் அழகிய வளைகோடு தோன்றும். இது ஒரு பரவளையம். காற்றின் தடையைக் கணக்கில் கொள்ளாவிட்டால், சாய்வாக எறிந்த கல்லின் பாதையும் பரவளையந்தான்!

"நான் வரைந்த படந்தானே?"

சில ஆண்டுகளுக்கு முன் திண்டிவனத்துக்கு அருகிலுள்ள ஒரு பள்ளியில், விடுமுறை நாட்களில் கணிப்பொறியில் படம் வரையக் கற்பித்தேன். விலைக்கு விற்கும் மென்பொருள் ஒன்றின் 30 நாள் சோதனைப் பதிப்பைப் பயன்படுத்தினேன். ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி நீர்ச்சுழற்சியை மிக அழகாக வரைந்திருந்தாள். 31-ஆம் நாள் மென்பொருள் இயங்க மறுத்தது. கோப்போ அந்த மென்பொருளுக்கு மட்டுமே புரியும் வடிவில் இருந்தது. "நான் வரைந்த படந்தானே சார், எனக்கே ஏன் காட்ட மாட்டேன் என்கிறது?" என்று கேட்டாள். நான் வாயடைத்து நின்றேன். கட்டணமில்லாத வகுப்பு நடத்தினால் போதும் என்று நினைத்திருந்தேன். வகுப்பு முடிந்த பிறகும் கருவி மாணவர் கையில் இருக்க வேண்டும் என்பதை மறந்துவிட்டேன்.

கட்டற்ற மென்பொருள்

இதற்கு விடை கட்டற்ற மென்பொருள். ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983-இல் அறிவித்த க்னு திட்டத்தில் இந்த இயக்கம் தொடங்கியது. இத்தகைய மென்பொருளை யாரும் இயக்கலாம், அதன் உள்ளமைப்பைப் படிக்கலாம், பிறருக்கு நகலெடுத்துக் கொடுக்கலாம், மாற்றியும் அமைக்கலாம். பென்டிரைவில் நகலெடுத்து நண்பருக்குக் கொடுத்தால் அது திருட்டு அன்று, உங்கள் உரிமை!

வெக்டர் படம் வரைய உதவும் இன்க்ஸ்கேப் அப்படிப்பட்டது. கில் என்ற மென்பொருளை மாற்றிச் சோடிபோடி பிறந்தது; சோடிபோடியை மாற்றி 2003-இல் இன்க்ஸ்கேப் பிறந்தது. எதிர்வாசல் கோலத்தில் மாங்காய் சேர்ந்த கதைதான்! அது படங்களைச் சேமிக்கும் எஸ்விஜி என்ற வடிவம் 2001-இல் பொதுத் தரமாக வெளியிடப்பட்டது. எனவே வேறு பல மென்பொருள்களும் அப்படங்களைத் திறக்கும். தூரிகையால் தீட்டுவதுபோல் வரையக் கிரிட்டாவும், ஒளிப்படங்களைத் திருத்தக் கிம்பும் உள்ளன. இவையும் கட்டற்றவையே.

இதே கொள்கையோடு விழுப்புரம் க்னு/லினக்ஸ் பயனர் குழுவின் தன்னார்வலர்கள், கிராமப்புற மாணவர்களுக்குக் கட்டணமின்றித் தொழில்நுட்ப வகுப்புகள் நடத்தி வருகிறார்கள். கருவியும் கட்டற்றதாக இருப்பதால், கற்றவர் அடுத்தவருக்குக் கற்பிக்க எவர் அனுமதியும் வேண்டியதில்லை.

நானும் இப்போது இன்க்ஸ்கேப்பில்தான் கற்பிக்கிறேன். அந்த மாணவி நீர்ச்சுழற்சியை மீண்டும் முதலிலிருந்து வரைந்தாள். இந்த முறை கோப்பைத் தன்னோடு எடுத்துச் சென்றாள்.

நண்பர்களே, உங்கள் பள்ளிக் கணிப்பொறியில் ஆசிரியரின் துணையோடு இன்க்ஸ்கேப்பை நிறுவுங்கள். தாளில் வரைந்த பரவளையத்தை அதில் வரைந்து பாருங்கள். பிறகு உங்கள் அறிவியல் பாடத்திலிருந்து ஒரு படம். வரைந்து முடித்ததும், "இதை எப்படிப் போட்டாய்?" என்று பக்கத்து வகுப்பு மாணவர் கேட்பார். எத்தனை புள்ளி என்று சொல்லிக்கொடுங்கள்!