பாலத்தின் மேல் நின்றவர்கள்

1928 அக்டோபர் 21, ஞாயிற்றுக்கிழமை. நியூயார்க்கின் கிழக்கு ஆற்றை ஒட்டி வாக்கோ 10 ரக இரட்டை இறக்கை விமானம் ஒன்று தாழ்ந்து வந்தது. ஓட்டியவர் எலினோர் ஸ்மித், வயது 17. விமானி உரிமம் கைக்கு வந்து சில வாரங்களே ஆகியிருந்தன. குவீன்ஸ்பரோ, வில்லியம்ஸ்பர்க், மன்ஹாட்டன், புரூக்ளின் என அந்த ஆற்றின் மேல் வரிசையாக நிற்கும் நான்கு பாலங்களுக்கும் அடியில் புகுந்து வெளியே வந்தார். கடைசிப் பாலத்தடியில் கப்பல் ஒன்று வழியை அடைத்தது. அவர் விமானத்தை ஒருக்களித்துச் சாய்த்து, கிடைத்த இடைவெளியில் கடந்து போனார்.

"உன்னால் முடியாது" என்று விமானத் தளத்து ஆண்கள் சீண்டியதுதான் தொடக்கம். ஆனால் அவர் ரோஷத்தில் கிளம்பிவிடவில்லை. பாலங்களை முன்கூட்டியே போய்ப் பார்த்தார், உயரம் கணக்கிட்டார், ஓதம் ஏறி இறங்கும் நேரம் அறிந்தார், தாழப் பறந்து பழகினார். நகர நிர்வாகம் அவருக்குக் கொடுத்த தண்டனை 10 நாள் பறக்கத் தடை. மத்திய வணிகத் துறை உரிமத்தில் கை வைக்காமல் இருக்க மேயர் ஜிம்மி வாக்கரே பரிந்து பேசினார். ஊர் அவரைத் தலையில் வைத்துக் கொண்டாடியது.

இந்தக் கதையை யார் எழுதினாலும் விமானியின் இருக்கையிலிருந்தே எழுதுகிறார்கள். அந்த ஞாயிறு பாலத்தின் மேல் நடந்தவர்கள், அடியில் படகில் இருந்தவர்கள் பற்றி ஒரு வரி கிடைப்பது அரிது. பாலத்தடிப் பறத்தலின் நூற்றுச் சொச்சம் ஆண்டு வரலாற்றில் உண்மையான மாற்றம் அங்கேதான் நடந்திருக்கிறது என்பது என் எண்ணம். அன்று பாலத்தின் மேல் நின்றவர் வேடிக்கை பார்ப்பவர். இன்று அவர், தன் உயிரை இன்னொருவர் பணயம் வைக்கக் கூடாது என்று கேட்கும் உரிமை உள்ளவர்.

தொடக்க காலத்தில் வானத்துக்கு வேலி ஏதும் இல்லை. 1911 ஜூன் 27 அன்று லிங்கன் பீச்சி நயாகரா அருவியின் மேல் வட்டமிட்டு, சாரலுக்குள் இறங்கி, அமெரிக்காவையும் கனடாவையும் இணைத்த எஃகு வளைவுப் பாலத்துக்கு அடியில் நுழைந்து பள்ளத்தாக்கு வழியே போனார். ரைட் சகோதரர்கள் முதன்முதலாகப் பறந்து எட்டு ஆண்டுகூட நிறையாத காலம் அது. மரம், துணி, கம்பி, முதுகுக்குப் பின்னால் இரையும் எஞ்சின், இவ்வளவுதான் விமானம். கரையெங்கும் பெருங்கூட்டம். (அந்தப் பாலம் இப்போது இல்லை, 1938இல் ஆற்றுப் பனிக்கட்டிகள் நெருக்கித் தள்ளியதில் சரிந்து விழுந்தது.)

பீச்சியைப் பற்றிச் சொல்பவர்கள் நயாகராவோடு நிறுத்திக்கொள்வது சரியில்லை. அவரைப் போலச் செய்யப் போய் விமானிகள் பலர் இறந்தார்கள். அந்தச் சாவுகளுக்குத் தானும் பொறுப்பு என்று மனம் நொந்து, 1913இல் இனிப் பறப்பதில்லை என அறிவித்தார். ஆனால் அதே ஆண்டு திரும்பி வந்தார். அக்டோபரில் ஹாமண்ட்ஸ்போர்ட்டில் கொட்டகைக் கூரைமேல் நின்று வேடிக்கை பார்த்தவர்கள்மீது அவருடைய விமானம் மோதியது. ஓர் இளம்பெண் இறந்தார். 1915 மார்ச் 14 அன்று சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவுக்கு மேல் இறக்கைகள் முறிந்து அவரும் மாண்டார். வேடிக்கை பார்க்க நிற்பவருக்கும் ஆபத்து உண்டு என்பதை நாம் 1913இலேயே கற்றிருக்கலாம். கற்க இன்னும் பல பத்தாண்டுகள் ஆயின.

லண்டனில் 1912 ஆகஸ்ட் 10 அன்று ஃபிராங்க் மெக்லீன், மிதவை பொருத்திய ஷார்ட் விமானத்தில் டவர் பாலத்தின் மேல் நடைபாதைக்கும் கீழே உள்ள சாலைக்கும் நடுவில் பறந்தார். தேம்ஸின் மற்றப் பாலங்களுக்கு அடியில் நுழைந்து வெஸ்ட்மின்ஸ்டர் வரை போனார். திரும்பும்போது பாலங்களைத் தாண்டும்வரை நீரிலேயே ஊர்ந்து போகும்படி காவல்துறை சொல்லிவிட்டது. வேலி போடும் எண்ணம் முளைத்த இடங்களில் அதுவும் ஒன்று.

ஜெட் காலம் வந்ததும் விளையாட்டின் எடை கூடிவிட்டது. 1959 ஏப்ரல் 24 அன்று அமெரிக்க விமானப்படைக் கேப்டன் ஜான் லாப்போ, மிச்சிகனில் மேக்கினாக் பாலத்தடியில் ஒரு பி-47 குண்டுவீச்சு விமானத்தை ஓட்டிப் போனார். ஆறு ஜெட் எஞ்சின்கள், 35 மீட்டர் இறக்கை அகலம். நீருக்கும் பாலத்துக்கும் இடையே சுமார் 47 மீட்டர். ராணுவ நீதிமன்றம் அவருக்கு மாதம் 50 டாலர் வீதம் ஆறு மாதம் அபராதம் விதித்தது. வாழ்நாள் முழுதும் விமானப்படை விமானம் ஓட்டும் தகுதியும் போயிற்று.

ஆலன் பொல்லாக்கின் கதையில் எனக்கு மனம் இரண்டுபடுகிறது. 1968 ஏப்ரல் 1 அன்று பிரிட்டிஷ் விமானப்படைக்கு 50 வயது. லண்டன் வானில் அணிவகுப்பு ஒன்றும் வைக்கவில்லை; பாதுகாப்புச் செலவுகளில் வெட்டு விழுந்துகொண்டிருந்த நேரம். ஏப்ரல் 5 அன்று பொல்லாக் தன் ஹண்டர் போர் விமானத்தில் தனியே பிரிந்து போய், நாடாளுமன்றத்தை வட்டமிட்டு, தேம்ஸ் கரையிலுள்ள விமானப்படை நினைவுச்சின்னத்துக்கு இறக்கை சாய்த்து வணக்கம் செலுத்தினார். பிறகு ஆற்றோடு பறந்தபோது எதிரே டவர் பாலம் வந்தது. அதன் மேல் நடைபாதைக்கு அடியில் நுழைந்துவிட்டார். தரையிறங்கியதும் கைது. நீதிமன்ற விசாரணை நடந்தால் நாடே அவர் பக்கம் பேசிவிடும் நிலை இருந்தது. உடல்நலக் காரணம் சொல்லி அவரைப் படையிலிருந்து வெளியே அனுப்பினார்கள்.

அவருடைய கோபத்தில் நியாயம் இருந்தது. படைக்கு உழைத்தவர்களை நாடு மறக்கிறது என்று ஒருவர் கொதிப்பதை நான் மதிக்கிறேன். ஆனால் அந்தக் கணத்தில் சிவப்பு இரட்டைத்தட்டுப் பேருந்து ஒன்று பாலத்தைக் கடந்துகொண்டிருந்தது. பாலத்தினூடே பறப்பது பொல்லாக்கின் முன்திட்டத்தில் இல்லை. பாலம் எதிரே வந்த சில நொடிகளில் எடுத்த முடிவு அது. எலினோர் கணக்குப் போட்டதுபோல அவர் எதையும் கணக்குப் போட்டிருக்க முடியாது. பேருந்தில் இருந்தவர்களிடம் அந்த எதிர்ப்பில் பங்கெடுக்கச் சம்மதமா என்று யாரும் கேட்கவில்லை.

கேட்காமல் விட்டதன் விலை 1998 பிப்ரவரி 3 அன்று இத்தாலியில் தெரிந்தது. ஆல்ப்ஸ் மலையில் கவலேசே என்ற ஊருக்கு அருகே, அமெரிக்கக் கடற்படைக் காலாட்பிரிவின் புரௌலர் ஜெட் ஒன்று, அனுமதித்த உயரத்துக்கு வெகு கீழே பள்ளத்தாக்கில் பறந்தது. 2,000 அடிக்குக் கீழே போகக் கூடாது என்பது விதி. விமானம் ஏறத்தாழ 360 அடியில் இருந்தது. கம்பிவட ஊர்தியைத் தாங்கிய வடத்தை இறக்கை அறுத்தது. ஊர்தி தரையில் விழுந்து உள்ளே இருந்த 20 பேரும் இறந்தார்கள். விமானம் சேதத்தோடு தளம் திரும்பியது. பெரும்பாலோர் பனிச்சறுக்குக்கு வந்த பயணிகள், வேடிக்கை பார்க்கக்கூட நிற்கவில்லை. கவனக்குறைவால் உயிரிழப்பு ஏற்படுத்தியதான குற்றச்சாட்டிலிருந்து விமானி விடுபட்டார். பயணத்தின்போது எடுத்த ஒளிப்பதிவை அழித்ததற்கான வழக்கில் தண்டனை பெற்றுப் படையிலிருந்து நீக்கப்பட்டார். இத்தாலியர்களின் ஆத்திரம் நெடுநாள் அடங்கவில்லை. தாழப் பறப்பதைத் துணிச்சல் என்று யாராவது பொதுப்படையாகப் புகழும்போது எனக்கு அந்த 20 பேர்தான் நினைவுக்கு வருகிறார்கள்.

இன்று அமெரிக்க விதிப்படி, நகரத்தின் மேல் பறக்கும் விமானம் பக்கத்திலுள்ள மிக உயரமான கட்டடத்தைவிட 1,000 அடி மேலே இருக்க வேண்டும். ஆளில்லாத நீர்ப்பரப்பின் மேல் போனால்கூட எந்த மனிதரிடமிருந்தும், படகிலிருந்தும், கட்டுமானத்திலிருந்தும் 500 அடி தள்ளியே போக வேண்டும். எலினோர் செய்ததை இன்று ஒரு 17 வயதுப் பெண் செய்தால் மேயர் பரிந்து பேச வரமாட்டார்.

ஆசை மட்டும் அப்படியே இருக்கிறது. அது நிறைவேற வேறு வழிகள் வந்துவிட்டன.

ஒன்று, முறையாக அனுமதி வாங்கி, ஆளை விலக்கிவிட்டுச் செய்வது. ஹங்கேரியின் பீட்டர் பெஷெனியெய் 2001இல் புடாபெஸ்டின் சங்கிலிப் பாலத்தடியில் விமானத்தைத் தலைகீழாக்கிப் பறந்தார். பின்னர் டான்யூப் ஆற்றில் நடந்த ரெட் புல் விமானப் பந்தயங்களில் அந்தப் பாலத்தடியே போட்டியின் வாசலானது. 2018க்குப் பிறகு பந்தயம் அந்த நகரைவிட்டுப் போய்விட்டது. 2019இல் பலாட்டன் ஏரியில் நடந்தது, அந்த ஆண்டோடு தொடரும் நின்றது. 2021 செப்டம்பர் 4 அன்று இத்தாலிய விமானி டாரியோ கோஸ்டா இஸ்தான்புல் அருகே இரண்டு சாலைச் சுரங்கங்களுக்குள் 2.26 கிலோமீட்டர் தூரத்தை 44 நொடிக்குள் பறந்து கடந்தார். வாகனம் ஒன்றும் இல்லாத சுரங்கம், நீண்ட பயிற்சி, அளந்து அளந்து செய்த ஏற்பாடு. விழுந்தால் அவர்மட்டும்தான். இதை நான் முழு மனதோடு பாராட்டுவேன்.

மற்றது சிமுலேட்டர். 1982இல் மைக்ரோசாஃப்டின் முதல் ஃபிளைட் சிமுலேட்டர் வந்தபோது ஊர் என்பது சில கோடுகள்தான். 2020இல் வந்த பதிப்பு செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு உலகம் முழுவதையும் திரையில் விரித்தது. ஆனால் தொடக்கத்தில் பல பாலங்களின் அடி நீர்மட்டம்வரை அடைத்துச் சுவராக நின்றது. மேலிருந்து எடுத்த படங்களுக்குப் பாலத்தின் வயிறு தெரியாதல்லவா! பிற்பாடு பல பாலங்களைக் கையால் வரைந்து திறந்துவிட்டார்கள். 2013இல் வந்த ஜிடிஏ 5 விளையாட்டிலோ பாலத்தடிப் பறத்தலே தனிச் சவால்; 50 இடங்கள் அதில் உண்டு.

நம் வீட்டுப் பிள்ளைகள் இதை விளையாடுவதைப் பார்த்து முகம் சுளிப்பவர்கள் இருக்கிறார்கள். நான் சுளிக்க மாட்டேன். மோதினால் திரைதான் அணைகிறது, பேருந்தில் ஒருவரும் இல்லை. எலினோர் ஸ்மித்தே சிமுலேட்டரைத் தாழ்வாக நினைக்கவில்லை. 2000 மார்ச்சில், 88 வயதில், கலிபோர்னியாவிலுள்ள நாசாவின் ஏம்ஸ் மையத்துக்குப் போய், ஆறு மாடி உயரம் ஏறி இறங்கும் மாபெரும் சிமுலேட்டரில் அமர்ந்து, விண்வெளி ஓடத்தை வெற்றிகரமாகத் தரையிறக்கிக் காட்டினார்.

ஆனால் அவருக்கும் இன்றைய பிள்ளைக்கும் ஒரு வேறுபாடு உண்டு. அவர் உடம்பு காற்றை அறிந்திருந்தது. பாலத் தூண்களைச் சுற்றிச் சுழன்று வரும் காற்று இறக்கையை எப்படி உதைக்கும் என்பது திரையில் சரியாகத் தெரியாது. அலையில்லாத நீரின் மேல் எவ்வளவு உயரத்தில் இருக்கிறோம் என்பதைத் தேர்ந்த விமானிகளின் கண்ணே தவறாகக் கணிக்கும். நீர்விமானம் ஓட்டுபவர்களுக்கு இதற்கென்றே தனிப் பயிற்சி உண்டு. திரையிலோ எல்லா நீரும் தட்டைதான். போதாக்குறைக்கு மோதினாலும் சேதமில்லை என்று வைத்துக்கொள்ளும் வசதியும் இருக்கிறது. பாலத்தையே ஊடுருவிப் போய்விடலாம். அப்படி ஆயிரம் முறை பறந்தவருக்கு வருவது திறமை இல்லை, திறமை இருப்பதாக ஓர் எண்ணம்.

இன்று பாலத்தடியில் அன்றாடம் பறப்பவை டிரோன்கள். விரிசல் எங்கே, துரு எங்கே என்று பார்க்கப் பொறியாளர்கள் அனுப்புகிறார்கள். பாலத்தின் மேல் போகிறவர்களைக் காக்கவே பாலத்துக்குக் கீழே பறக்கும் காலமும் வந்துவிட்டது. இந்த வரலாற்றில் எனக்கு மிகப் பிடித்த திருப்பம் இது.

பறக்கும் ஆசை உள்ள இளையவர்களுக்கு ஒரு வேண்டுகோள். சிமுலேட்டரில் தாராளமாக நுழையுங்கள். மோதினால் சேதம் என்ற அமைப்பைப் போட்டுவைத்து, காற்றைக் கூட்டிவைத்து, எலினோரைப் போலப் பாலத்தின் உயரத்தை முதலில் தேடிப் படித்துவிட்டு நுழையுங்கள். கையில் டிரோன் இருந்தால், விதிகளைப் படித்து, வேண்டிய பதிவைச் செய்து, அனுமதி உள்ள பகுதியில் மட்டும் பறக்கவிடுங்கள். பாலத்தின் மேல் ஒருவர் நின்றாலும், அன்று வேண்டாம்.