வீரனுக்கு நடுகல், அவன் மனைவிக்கு?

நமது சேலம் சீமையிலும் அதனை அடுத்த தருமபுரிப் பகுதியிலும் வயலோரங்களில் நடுகற்கள் பல உள்ளன. ஆநிரை மீட்கும் பூசலில் உயிர்நீத்த வீரன், வில்லும் வாளும் ஏந்திக் கல்லில் நிற்கிறான். இன்றும் பல ஊர்களில் அவனை வேடியப்பன் என்று மக்கள் வணங்குகின்றனர்.

கல் நட்டதோடு நம் முன்னோர் நின்றுவிடவில்லை. இறந்தவனின் குடும்பத்தார் பிழைக்க நிலமும் அளித்தனர். அந்நிலத்தைக் கல்வெட்டுகள் ‘உதிரப்பட்டி’ என்று குறிக்கின்றன. உதிரம் சிந்தியவனுக்காகத் தந்த நிலம் என்பது அதன் பொருள். அது பிச்சையன்று, ஊர் தீர்க்க வேண்டிய கடன். இக்கடன் நம் காலத்தில் எவ்வாறு தீர்க்கப்படுகிறது என்பதைச் சற்று ஆராய்வோம்.

முதல் உலகப் போருக்குச் சென்னை மாகாணத்திலிருந்து சுமார் 92,000 பேர் சென்றனர். ‘இவ்வூரிலிருந்து இத்தனை பேர் போருக்குச் சென்றனர், இத்தனை பேர் உயிர் துறந்தனர்’ என்று பொறித்த கற்பலகைகளைத் தமிழகத்தின் சில ஊர்களில் இன்றும் காணலாம். இரண்டாம் உலகப் போரில் இந்தியப் படையில் இருந்தோர் 25 லட்சம் பேர். மாண்டவர் ஏறத்தாழ 87,000 பேர்.

அவர்களுள் ஒருவர் காஞ்சிபுரம் அருகே கீழ்ஓட்டிவாக்கத்தில் பிறந்த சுபேதார் சுப்பிரமணியன். சென்னைச் சாப்பர்ஸ் படைப்பிரிவைச் சேர்ந்தவர். 1944இல் இத்தாலி நாட்டின் மிக்னானோ என்னுமிடத்தில் கண்ணிவெடிகளை அகற்றும் பணியில் இருந்தார். தோழர் ஒருவரின் காலடியில் கண்ணி உயிர்பெற்றதும், ஓடித் தப்பாமல் அதன்மேல் விழுந்து தம் உடலால் மூடினார். உடனிருந்தோர் பிழைத்தனர், அவர் மாண்டார். ஜார்ஜ் கிராஸ் என்னும் உயரிய பதக்கம் இந்தியர் ஒருவருக்கு முதன்முதலாகக் கிடைத்தது அவருக்கே.

பதக்கம் பெருமை தரும். ஆனால் அது உலையில் அரிசியாகாதே! வீரனின் மனைவிக்கு என்ன கிடைக்கும் என்பது, அவன் எங்கே, எப்படி இறந்தான் என்பதைப் பொறுத்தது. போரில் மாண்டால் ஒரு வகை. போரில் அல்லாமல், படைப்பணியின் காரணமாக இறந்தால் மற்றொரு வகை. உயிரோடு வீடு திரும்பிப் பின்னர் இறந்தால் மூன்றாம் வகை. அதிக இன்னல் பட்டவர்கள் இந்த மூன்றாம் வகைப் பெண்களே.

ஏன் என்று பார்ப்போம். சாதாரணச் சிப்பாய் பென்ஷன் பெற 15 ஆண்டுப் பணி வேண்டும். 1945இல் போர் முடிந்ததும் லட்சக்கணக்கானோர் ஐந்தாறு ஆண்டுப் பணியோடு வீட்டுக்கு அனுப்பப்பட்டனர். அவர்களுக்கே பென்ஷன் இல்லாதபோது மனைவிக்கு ஏது? பென்ஷன் பெற்றவர் இறந்தாலும் அது பெரும்பாலும் அவரோடு முடிந்தது. 1964 ஜனவரி 1 முதல்தான் குடும்ப பென்ஷன் திட்டம் வந்தது. அதிலும் முன்பே கணவனை இழந்தோர் விடுபட்டனர்.

இக்குறையைத் தீர்க்கப் பெண்களே வழக்காட வேண்டியிருந்தது. பென்ஷன் என்பது அரசு இரக்கப்பட்டுத் தரும் கொடையன்று என்று 1982இல் நகாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1985இல், அரசு ஊழியர்களின் கைம்பெண்கள் தொடுத்த பூனம்மாள் வழக்கில், குடும்ப பென்ஷன் அவர்களுக்கு உரிமை என்று கூறியது. விடுபட்டோர்க்கு 1977 செப்டம்பர் 22 முதல் அது கிடைக்க வழி பிறந்தது.

மற்றொரு விதியைக் கேட்டால் மாணவியர் வியப்படைவர். வீரப்பதக்கத்துக்குரிய மாதப்படி, கைம்பெண் மறுமணம் செய்தால் நின்றுவிடும். கணவனின் உடன்பிறந்தானை மணந்தால் மட்டும் தொடரும்! இந்த நிபந்தனை 2017 நவம்பரில்தான் நீக்கப்பட்டது.

இத்தகைய நிலை நம் நாட்டில் மட்டும் இருந்ததன்று. கனடாவில் மோஹாக் போன்ற பழங்குடி மக்கள் இரு உலகப் போர்களிலும் பணியாற்றினர். திரும்பி வந்தபோது, மற்ற வீரர்களுக்கு நேரடியாகக் கிடைத்த உதவியை இவர்கள் பழங்குடித் துறை அதிகாரி வழியாகவே கேட்க வேண்டியிருந்தது. பலருக்கு உரியது கிடைக்கவில்லை. 2002இல்தான் அந்நாட்டரசு, உயிரோடிருந்த வீரர்க்கோ அவர்தம் மனைவியர்க்கோ தலைக்கு 20,000 டாலர் வரை தர முன்வந்தது. அதற்குள் எத்தனை பேர் கண்மூடியிருப்பர்!

சட்டம் இருந்தும் பணம் வராத வீடுகளும் உண்டு. காரணம் பெரும்பாலும் காகிதமே. வீட்டில் ‘பாப்பாயி’, பட்டாளப் பதிவேட்டில் வேறு பெயர், ரேஷன் கார்டில் மூன்றாவது பெயர். திருமணம் நடந்ததைப் படைப்பிரிவுக்குத் தெரிவிக்காமலே விட்டிருப்பார்கள். மெட்ராஸ் ரெஜிமெண்ட் பதிவேடு நீலகிரி வெலிங்டனில். சாப்பர்ஸ் பதிவேடு பெங்களூரில். எழுத்தறியாத மூதாட்டி ஒருத்தி, தான் இன்னாரின் மனைவி என்பதை இத்தனை தொலைவிலிருந்து எப்படி மெய்ப்பிப்பாள்?

இங்குதான் படிக்கும் பெண்களாகிய நமக்கு வேலை இருக்கிறது. நம் வீட்டிலோ தெருவிலோ முன்னாள் படைவீரர் இருந்தால், டிஸ்சார்ஜ் புத்தகத்தையும் பென்ஷன் ஆணையையும் எடுத்துப் பார்ப்போம். மனைவியின் பெயரும் பிறந்த தேதியும் எல்லாத் தாள்களிலும் ஒன்றாக உள்ளனவா என்று சரிபார்ப்போம். பிழை இருப்பின் அவர் உயிரோடிருக்கும்போதே திருத்தச் சொல்வோம். பட்டாள நம்பரைக் குறித்து வைப்போம். கைம்பெண்களுக்கு நவம்பர் மாத வாழ்வுச் சான்றிதழை நினைவூட்டுவோம். சேலத்திலும் நாமக்கல்லிலும் முன்னாள் படைவீரர் நல அலுவலகங்கள் உள்ளன. பென்ஷன் இல்லாத இரண்டாம் உலகப் போர் வீரர்களின் மனைவியர்க்கு மாநில அரசு வழங்கும் மாத உதவிக்கும் அங்கேயே மனுச் செய்யலாம். அலுவலகம் மறுத்தால் சென்னையில் ஆயுதப்படைத் தீர்ப்பாயம் இருக்கிறது.

1949 முதல் ஆண்டுதோறும் டிசம்பர் 7 கொடி நாளாகக் கொண்டாடப்படுகிறது. அன்று உண்டியலில் காசு போடுவது நற்செயலே. ஆனால் ஒரு மூதாட்டிக்காக ஒரு மனுவைப் பிழையின்றி எழுதித் தருவது அதனினும் பெரிது. உதிரப்பட்டி தந்த மண்ணில் பிறந்த நாம் அந்தக் கடனை மறவாதிருப்போமாக!