வளவு வளம் – 9: சாதிக்காய்க் கன்று வாடினால்

சென்ற வாரம் கறாம்பு. இந்த வாரம், கண்டிப் பக்கத்து வளவுகளில் அதற்குப் பக்கத்திலேயே நிற்கும் சாதிக்காய். தை, மாசி வெயிலில் கன்று நுனி கருகி நின்றதும் பலர் உடனே யூரியாவைத் தேடுகிறார்கள். கன்றைக் கொல்வது பல வேளைகளில் அந்த அவசரம்தான். வேர் நொந்த கன்றால் பசளையை எடுக்க முடியாது. மண்ணில் தேங்கும் உப்பு மிச்ச வேரையும் பொசுக்கிவிடும்.

முதலில் உயிர் இருக்கிறதா என்று பாருங்கள். தண்டை நகத்தால் இலேசாகச் சுரண்டினால் உள்ளே பச்சை தெரிய வேண்டும். காய்ந்த நுனியைப் பச்சை தெரியும் இடம்வரை வெட்டிவிடலாம். அதற்குமேல் கத்தி வேண்டாம்.

பிறகு நிழல். சாதிக்காயின் தாயகம் இந்தோனேசியாவின் பண்டாத் தீவுகள். அங்கே அது உயர்ந்த கனாரி மரங்களின் கீழே வளர்வது. ஆங்கிலேயர் பண்டாவைப் பிடித்த காலத்தில்தான் கன்றுகள் இலங்கைக்கும் வந்தன. பலா, தென்னை, கமுகு என்று அடுக்கடுக்காய் நிற்கும் கண்டி வளவு அதற்குப் பழகிய இடம் போலவே அமைந்துவிட்டது. ஆனால் இப்போது வீடு கட்ட மரங்களைத் தறித்து, வெட்டவெளியில் கன்றை நடுகிறோம். மேற்குப் பக்கம் இரண்டு கம்பு நட்டு ஒரு கிடுகைச் சாய்த்துக் கட்டுங்கள். பின்னேர வெயில்தான் கொடியது. மழை தொடங்கியதும் கிளிரிசிடியாத் தடிகளை ஊன்றினால் அவை தழைத்து நிரந்தர நிழலாகும். அதன் இலையே நல்ல பசளையும்கூட. கிடுகை ஒரே நாளில் பிடுங்காமல் சிறுகச் சிறுக விலக்குங்கள்.

இலை கருகாமல், அடியிலைகள் மஞ்சளாகி உதிர்ந்தால் குற்றம் வெயிலில் இல்லை, நீரில். சாதிக்காய்க்கு ஈரம் வேண்டும், தேங்கும் தண்ணீர் ஆகாது. பக்கத்தில் ஓரடிக் குழி தோண்டித் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். சில மணி நேரம் கழித்தும் வற்றாவிட்டால் சரிவுப் பக்கமாக வாய்க்கால் வெட்ட வேண்டும். மலைச்சரிவைச் சமப்படுத்திய வளவுகளில் அடிமண் இறுகிப்போயிருப்பதால் இது அடிக்கடி நேர்கிறது. தண்டின் அடி மண்ணுக்குள் புதைந்திருந்தால் அந்த மண்ணையும் விலக்கிவிடுங்கள்.

மூடாக்கு அவசியம். காய்ந்த இலை, பலாச் சருகு, கூட்டெரு எதுவானாலும் சரி, தண்டைத் தொடாமல் ஒரு சாண் தள்ளிப் பரப்புங்கள். வேர் மேல்மண்ணிலேயே பரவுவதால் கன்றைச் சுற்றி மண்வெட்டியால் கொத்தவே கூடாது; களையைக் கையால் பிடுங்குங்கள். புதுத் தளிர் விட்டு இலை முற்றிய பிறகு கொஞ்சமாய்ப் பசளை போடலாம்.

இத்தனை செய்தும் கன்று போய்விட்டால், கடைச் சாதிக்காயை வாங்கிப் புதைக்காதீர்கள். காய்ந்த விதை முளைக்காது. பழம் வெடித்த சூட்டோடு நட வேண்டும். அதிலும் ஒரு சிக்கல் உண்டு. சாதிக்காயில் ஆண் வேறு, பெண் வேறு. விதைக்கன்று எதுவென்று பூக்கும்வரை, அதாவது ஐந்தாறு வருடமோ இன்னும் கூடவோ, தெரியாது. காய்ப்பது பெண் மரம் மட்டுமே. அதனால்தான் பெண் மரத்திலிருந்து ஒட்டிய கன்றை நான் வற்புறுத்துகிறேன். ஒட்டுவதற்குக் கிளையை எங்கிருந்து எடுப்பது என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.