உறைபனியிலிருந்து தொட்டிப் பனைகளைக் காப்பது எப்படி?

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, மேகம் கலைந்து, காற்றும் அடங்கிவிட்டால் நீலகிரி, கொடைக்கானல் மலைகளில் உறைபனி தொடங்கிவிடும். நவம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை எந்த இரவிலும் அது வரலாம். தேயிலை, உருளைக்கிழங்கு, கேரட் பயிரிடும் விவசாயிகள் இதை நன்கு அறிவார்கள். ஆனால் உபவருமானத்துக்காக வீட்டு முற்றத்திலும் தோட்டத்து ஓரத்திலும் தொட்டிகளில் ‘பாம்’ எனப்படும் அலங்காரப் பனைகளை வளர்ப்பவர்கள் பலர், பனி விழுந்து ஓலை கருகிய பிறகே விழித்துக்கொள்கிறார்கள்.

ஒரு பாம் செடி விதையிலிருந்து விற்பனைக்கு வர 2 முதல் 3 ஆண்டுகள் ஆகலாம். அத்தனை நாள் உழைப்பையும் ஓர் இரவுப் பனி வீணாக்கிவிடும். இதைத் தடுக்கப் பெரிய செலவு தேவையில்லை. வைக்கோல், சாக்கு, மூங்கில் ஆகியவற்றோடு, எதைக் காக்க வேண்டும் என்ற தெளிவும் இருந்தால் போதும்.

குருத்தே உயிர்

ரோஜாச் செடி பனியில் கருகினால் கவாத்து செய்துவிடலாம்; கீழே உள்ள கணுக்களிலிருந்து மறுபடியும் துளிர்க்கும். பனை இனத்தில் அப்படி நடக்காது. தென்னை, பாக்கு போலவே அலங்காரப் பனைக்கும் ஒரு தண்டுக்கு ஒரே குருத்துதான். ஓலை எல்லாம் கருகினாலும் குருத்து பிழைத்தால் செடி பிழைக்கும். ஓலை பச்சையாக இருந்து குருத்து முழுவதும் அழுகினால், அந்தத் தண்டு பட்டுவிடும். அரிக்கா பாம், ராபிஸ் போல் தூராக வளரும் வகைகளில் மற்றத் தண்டுகள் தப்பலாம். ஒற்றைத் தண்டு வகைகளில் அதற்கும் வழியில்லை. ஆகவே பனிப் பாதுகாப்பு என்பது முதலில் குருத்தைக் காப்பது, அடுத்து வேரைக் காப்பது. ஓலையைக் காப்பது மூன்றாவதுதான்.

பனி எங்கே விழும்?

பகலில் வெயிலால் சூடான நிலம் இரவில் அந்தச் சூட்டை வானத்துக்கு விட்டுவிடுகிறது. மேகம் இருந்தால் அது கம்பளி போல் இருந்து சூட்டைத் தடுக்கும். வானம் தெளிந்திருந்தால் சூடு தடையின்றிப் போய்விடும். காற்று வீசினால் மேலே உள்ள சற்று வெதுவெதுப்பான காற்று கீழே வந்து கலக்கும். காற்று அசையாமல் நின்றால் அதுவும் இல்லை. எனவே விண்மீன்கள் பளிச்சென்று தெரிந்து, இலை அசையாத இரவுதான் ஆபத்தான இரவு.

குளிர்ந்த காற்று கனமானது. அது தண்ணீரைப் போலவே சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். அதனால்தான் மேட்டில் உள்ள தோட்டம் தப்பிவிட, ஓடைக்கரையில் உள்ள தோட்டம் வெள்ளை பூத்துக் கிடக்கிறது. தொட்டிகளைப் பள்ளத்திலோ, சரிவுக்குக் குறுக்கே உள்ள சுவரின் மேல்புறத்திலோ வைக்கக் கூடாது. அங்கே குளிர்காற்று அணைகட்டியது போல் தேங்கி நிற்கும்.

வெப்பமானியை நம்பி இருப்பவர்களும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஆள் உயரத்தில் 3 டிகிரி சென்டிகிரேடு காட்டும்போதே தரையோரத்தில் பனி உறைந்துவிடலாம். ஆகவே மாலையில் வெப்பம் வேகமாகக் குறைந்து வந்தால், பூஜ்யம் வரும் வரை காத்திருக்காமல் செடிகளை மூடிவிட வேண்டும்.

தொட்டிக்கு ஏன் கூடுதல் கவனம்?

நிலத்தில் நட்ட செடியின் வேரைச் சுற்றி ஆழமான மண் இருக்கிறது. அது எளிதில் குளிர்ந்துவிடாது. தொட்டியிலோ பாலிதீன் பையிலோ உள்ள மண் எல்லாப் பக்கமும் குளிரை வாங்குகிறது. நிலத்தில் இருந்தால் தாங்கக்கூடிய குளிரைக்கூட அதே செடி தொட்டியில் தாங்காமல் போவது இதனால்தான்.

வகை அறிந்து வளர்க்கவும்

எல்லாப் பனைகளும் ஒரே அளவு குளிரைத் தாங்குவதில்லை. மடகாஸ்கர் தீவைச் சேர்ந்த அரிக்கா பாம் உறைபனி பட்டால் ஓலை கருகிவிடும். பாட்டில் பாம் அதைவிட மென்மையானது. சீன விசிறிப் பனை, ராபிஸ் ஆகியவை நன்கு வேரூன்றிய பிறகு லேசான உறைபனியைத் தாங்கும். சீனாவின் மலைப்பகுதிகளைச் சேர்ந்த டிராக்கிகார்ப்பஸ் என்னும் விசிறிப் பனை, வெண்பனி பெய்யும் இடங்களிலும் வளரக்கூடியது. உதகை போன்ற உயர்ந்த இடங்களில் புதிதாகத் தொடங்குபவர்கள் குளிர் தாங்கும் வகைகளை அதிகமாகவும், அரிக்காவைக் குறைவாகவும் வைத்துக்கொள்வது நல்லது. எந்த வகையானாலும் இளங்கன்றுக்குப் பாதுகாப்பு தேவை.

பனிக்கு முன் செய்ய வேண்டியவை

அக்டோபருக்குப் பிறகு யூரியா போன்ற தழைச்சத்து உரங்களைக் கொடுக்க வேண்டாம். அவற்றால் வரும் இளந்தளிர் பனிக்கு முதலில் பலியாகும். சாம்பல் சத்துக் குறைவான பனை குளிரில் அதிகம் பாதிக்கப்படுகிறது. ஆகவே ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களிலேயே மக்கிய தொழு உரத்துடன் சிறிதளவு பொட்டாஷ் உரம் கலந்து இடலாம். தொட்டியில் உரம் அதிகமானால் வேர் கருகும். கை நிறைய அள்ளிப் போடக் கூடாது.

நவம்பர் தொடக்கத்தில் தொட்டிகளை ஒன்றோடொன்று ஒட்டிக் கூட்டமாக வைக்கவும். சிறியவை நடுவிலும் பெரியவை ஓரத்திலும் இருக்கட்டும். தொட்டிகளின் இடைவெளியில் வைக்கோல், மரத்தூள், தென்னை நார்க்கழிவு இவற்றில் கிடைப்பதைத் திணிக்கலாம். இடமிருந்தால் தொட்டிகளை விளிம்பு வரை மண்ணில் புதைப்பது இன்னும் நல்லது. வீட்டின் தெற்கு அல்லது மேற்குச் சுவரோரம், தாழ்வாரம், அடர்ந்த மரத்தின் அடி ஆகியவை ஏற்ற இடங்கள். பகலில் சூடேறிய சுவர் இரவில் அந்தச் சூட்டைத் திருப்பித் தரும்.

மூடுவதிலும் முறை உண்டு

தேயிலை இளஞ்செடிகளைப் பெரணித் தழைகளால் மூடுவது போல் பாம் செடியையும் மூடலாம். ஆனால் மூடி ஓலையைத் தொடக் கூடாது. தொட்ட இடத்தில் பனி கருக்கிவிடும். மூங்கில் அல்லது குச்சிகளால் சட்டம் கட்டி அதன்மேல் சணல் சாக்கு, பழைய போர்வை, வைக்கோல் தட்டி ஆகியவற்றைப் போடவும். மூடி தரை வரை இறங்கி இருக்க வேண்டும். தரையிலிருந்து எழும் சூடுதான் செடியைக் காக்கிறது. குடை போல் தலையில் மட்டும் போட்டுவிட்டால் சூடு பக்கவாட்டில் வெளியேறிவிடும். வெறும் பாலிதீன் தாளை ஓலைமேல் போடுவது பயன் தராது. நிழல்வலை ஓரளவுக்கே உதவும். அதன்மேல் சாக்கும் வேண்டும்.

உயரமான செடிகளை முழுவதும் மூட முடியாவிட்டால், ஓலைகளை மெதுவாக மேல்நோக்கிச் சேர்த்துத் தளர்வாகக் கட்டி, குருத்தைச் சுற்றி உலர்ந்த வைக்கோல் வைத்துச் சாக்கைச் சுற்றலாம். ஓலை சிறிது கருகினாலும் குருத்து தப்பும்.

மாலையில் சூரியன் மறையும் முன்பே மூடி, காலையில் பனி உருகிய பிறகு திறந்துவிட வேண்டும். பகலிலும் மூடியே வைத்தால் வெக்கையும் ஈரமும் சேர்ந்து பூசணம் வரும்.

தண்ணீரும் நெருப்பும்

காய்ந்த மண்ணைவிட ஈரமண் சூட்டை அதிகம் பிடித்துவைக்கும். எனவே முற்பகலில் அளவாகத் தண்ணீர் விடவும். மாலையில் விட வேண்டாம். குருத்தில் தண்ணீர் நிற்கவே கூடாது. குளிர்காலத்தில் வேர் குறைவாகவே நீர் உறிஞ்சுவதால், தொட்டியில் தண்ணீர் தேங்கினால் வேர் அழுகும். இரவில் தெளிப்பான் கொண்டு நீர் தெளிப்பவர்கள் பனி முழுவதும் உருகும் வரை நிறுத்தாமல் தெளிக்க வேண்டும். பாதியில் நிறுத்தினால் செடி முன்னிலும் அதிகமாகக் குளிர்ந்துவிடும்.

குப்பையைக் கொளுத்திப் புகை போட்டால் பனி விழாது என்று பலர் நம்புகிறார்கள். புகை, நிலத்தின் சூட்டை அவ்வளவாகத் தடுப்பதில்லை. செடி வைத்த கொட்டகையையோ, செடியும் ஆளும் இருக்கும் அறையையோ அடைத்துவிட்டு உள்ளே கரி அடுப்பு வைப்பது மிகவும் ஆபத்து. அதிலிருந்து வரும் நச்சுவாயு வாசனை தெரியாமலே ஆளைக் கொன்றுவிடும். செடியைக் காக்கப் போய் உயிரை இழக்கக் கூடாது.

பனி பட்டுவிட்டால்

மறுநாளே கத்தியை எடுக்க வேண்டாம். கருகிய ஓலையில் மிஞ்சிய பச்சைப் பகுதி செடிக்கு உணவு தயாரிக்கும். கருகிய பகுதியும் அடுத்த பனியில் குருத்துக்கு மறைப்பாக நிற்கும். பனிக்காலம் முடிந்த பிறகே அவற்றை வெட்டலாம். காலை வெயில் நேராகப் படாமல் செடியைச் சிறிது நிழலில் வைக்கவும். புதுத்தளிர் வரும் வரை உரம் வேண்டாம்.

பனியில் நலிந்த குருத்தில் பூசணமும் பாக்டீரியாவும் எளிதில் புகும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 3 கிராம் காப்பர் ஆக்ஸிகுளோரைடு கலந்து குருத்து நனையும்படி ஊற்றி, 10 நாள் கழித்து இன்னொரு முறை ஊற்றலாம். அதற்கு மேல் வேண்டாம். தாமிரம் மிகுந்தால் செடிக்கே கேடு.

குருத்து உயிரோடு இருக்கிறதா என்று அறிய எளிய வழி உண்டு. விரியாத குருத்தோலையின் மேலும், அதை ஒட்டிய மட்டையின் மேலும் ஒரே மட்டத்தில் மையால் கோடு போடவும். சில வாரங்கள் கழித்துக் குருத்தோலையின் கோடு மேலே ஏறியிருந்தால் செடி வளர்கிறது. குருத்தோலை கையோடு உருவி வந்துவிட்டாலும் உடனே தூக்கி எறிய வேண்டாம். மருந்து ஊற்றி, தென்மேற்குப் பருவமழைக் காலம் வரை பொறுத்திருங்கள். அடியில் வளர்முனை பிழைத்திருந்தால் புது ஓலை வரும். முதலில் வரும் ஓலை குட்டையாகவோ கோணலாகவோ இருக்கலாம்; அடுத்தடுத்து வருபவை சீராகும்.

பனிக்காலம் ஆண்டுதோறும் தவறாமல் வருகிறது. சாக்கும் மூங்கிலும் அறுவடைக்குப் பின் மிஞ்சிய வைக்கோலும் அக்டோபரிலேயே தயாராக இருந்தால், விண்மீன் பளிச்சிடும் இரவிலும் நிம்மதியாக உறங்கலாம்.