இடியப்ப உரலும் முன் பிறேக்கும்

காங்கேசன்துறையில் இருந்து காகம் பறக்கிற கணக்கில் வடக்கே ஏறக்குறைய 350 கிலோமீற்றர் போனால், சென்னைக்குப் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டை பந்தயத் தடம் வரும். தெற்கே கிட்டத்தட்ட அதே தூரம் போனால், களுத்துறைக்கு அருகே கட்டுகுருந்த ஓடுபாதை. அங்கேயும் மோட்டார் சைக்கிள் பந்தயம் நடப்பதுண்டு. இரண்டுக்கும் நட்டநடுவில், இரண்டும் கைக்கு எட்டாத தூரத்தில் இருக்கிறது எங்கள் ஊர். அதனால் சித்தியின் மகன் ஒருநாள் வந்து கேட்ட கேள்வி நியாயமானதுதான்.

“அண்ணை, உந்த ட்ராக்கில பழகினா எங்கட கே.கே.எஸ். றோட்டில ஓட உதவுமோ? அங்க நாயும் குறுக்க வராது, லாண்ட்மாஸ்டரும் வராதே?”

உதவும். ஆனால் எது உதவும், எது உதவாது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். அதற்குக் குசினிக்குள் போவதே நல்லது, ஏனென்றால் தடத்தில் சொல்லிக்கொடுக்கும் பாடங்களில் முக்கால்வாசி அங்கே ஏற்கனவே கிடக்கிறது.

முதலில் தடம் என்றால் என்ன என்று பார்ப்போம். இருங்காட்டுக்கோட்டைத் தடம் 1990இல் திறக்கப்பட்டது. அதற்கு முன்னர் சோழவரத்தில், பழைய விமான ஓடுபாதையில் பந்தயம் ஓடினார்கள். இப்போதைய தடம் 3.7 கிலோமீற்றர் நீளம், 12 வளைவுகள். எல்லாரும் ஒரே திசையில் போவார்கள், எதிரே ஒரு வண்டியும் வராது. வழுக்கினால் உருண்டு நிற்க இடம் விட்டிருப்பார்கள். ஒரே வளைவை ஒரே நாளில் ஐம்பது தடவை எடுக்கலாம். ஆகவே தடம் என்பது உங்கள் சொந்தக் குசினி. மிளகாய்த்தூள் போத்தல் எந்தத் தட்டில் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம். வீதி அப்படியில்லை. அது முன்பின் தெரியாத ஒரு வீட்டுக் குசினி, அதுவும் கரண்ட் போன நேரத்தில்.

பிறகு, அங்கே என்ன பழக்குகிறார்கள்? கீத் கோட் என்ற அமெரிக்கர் 1980இல் தொடங்கிய கலிபோர்னியா சூப்பர்பைக் ஸ்கூல், இருங்காட்டுக்கோட்டையிலும் வந்து வகுப்பு நடத்தியிருக்கிறது. அவர்களின் முதற் பயிற்சியே ஒரே கியர், பிறேக் பிடிக்கக்கூடாது என்பதுதான். சமைக்கப் பழகுகிற பிள்ளையிடம் முதல்நாளே நாலு கறியையும் ஒப்படைக்காமல், சோற்றை மட்டும் வடிக்கச் சொல்வோமே, அதேதான். ஒன்று கைக்கு வந்த பிறகு அடுத்தது.

கோட் ஒரு கணக்குச் சொல்வார். மனிதனின் கவனம் கையில் இருக்கும் பத்து டொலர் மாதிரி. கிளச்சுக்கு ஐந்து, கியருக்கு மூன்று என்று கொடுத்துவிட்டால் மிச்சம் இரண்டுதான். அம்மா வெங்காயம் வெட்டுவதைப் பாருங்கள். கை தானாக வெட்டும். கண் அடுப்பில் இருக்கும், காது படலையில் இருக்கும், வாய் பக்கத்து வீட்டு அன்ரியோடு கதைக்கும். வெட்டுவதற்கு அம்மா கவனத்தில் ஒரு சதமும் செலவழிப்பதில்லை. தடத்தில் ஐம்பது தடவை ஒரே வளைவை எடுப்பது இதற்காகத்தான். பிறேக்கும் திருப்பலும் கைப்பழக்கம் ஆகிவிட்டால், மீதிக் கவனம் முழுவதையும் ஒழுங்கை வாய்களுக்குக் கொடுக்கலாம். தடம் தரும் பெரிய சொத்து இதுதான் என்பேன். வேகம் இரண்டாம் பட்சம்.

அடுத்தது பிறேக். இதில்தான் எங்கள் ஆட்கள் அதிகம் அடிபடுகிறார்கள். “முன் பிறேக்கைத் தொடாதே, தூக்கி எறிஞ்சிடும்” என்று சொல்லியே பிள்ளைகளைப் பழக்குகிறோம். என்னையும் அப்படித்தான் பழக்கினார்கள். மல்லாகத்துக்குக் கிட்ட, ஒரு ஒழுங்கைக்குள் இருந்து ஆடு ஒன்று பாய, நான் பின் பிறேக்கை மட்டும் மிதித்தேன். பின் சில்லு பூட்டி, வண்டி பக்கவாட்டில் இழுபட்டு, முழங்கைத் தோல் போனது. ஆட்டுக்கு ஒன்றும் இல்லை.

ஏன் அப்படி நடந்தது? அரை வாளி தண்ணீரோடு கிணற்றடியில் இருந்து வேகமாக நடந்து வந்து, சடாரென்று நில்லுங்கள். தண்ணீர் முழுக்க முன்பக்கம் ஏறும். பின்பக்கத்தில் வாளியின் அடி தெரியும். வண்டியும் அப்படித்தான். பிறேக் பிடித்ததும் பாரம் முன் சில்லுக்குப் போகிறது, பின் சில்லு வெறுமையாகிறது. பாரம் இல்லாத ரயர் வீதியைப் பிடிக்காது. ஆகவே நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு முன் பிறேக்குடையது.

அப்படியானால் முன் பிறேக் ஏன் தூக்கி எறிகிறது? இங்கேதான் இடியப்ப உரல். மாவைப் போட்டதும் முழுப் பலத்தையும் ஒரேயடியாகக் கொடுத்தால் மா பக்கத்தால் பிதுங்கும், உரல் கையில் இருந்து நழுவும். முதலில் மெல்ல அழுத்தி, மா கண்களில் பிடிபட்டதும் பலத்தைக் கூட்டிக்கொண்டே போனால் இழை சீராக இறங்கும். முன் பிறேக்கும் அதே கை. முதலில் இரண்டு விரலால் மெல்லத் தொடுங்கள். அப்போது வாளித் தண்ணீர் முன்னுக்கு வரும், முன் ரயர் அமர்ந்து வீதியைப் பிடிக்கும். பிறகு அழுத்துங்கள், இன்னும் அழுத்துங்கள். இதெல்லாம் ஒரு வினாடிக்குள் நடக்கிற வேலை. வெடுக்கென்று பிடிப்பதற்கும் விரைவாக அழுத்துவதற்கும் உள்ள வித்தியாசத்தை விரல் கற்றுக்கொள்ள வேண்டும். கற்க நூறு தடவையாவது வேண்டும். வீதியில் நூறு தடவை பழக முடியாது, தடத்தில் முடியும்.

மூன்றாவது, சொதிச் சட்டி. ரயரின் பிடிமானம் ஒரு சட்டிச் சொதி. பிறேக்கும் அதில்தான் அள்ளும், சரிந்து திரும்புவதும் அதில்தான் அள்ளும், அக்சிலேற்றரும் அதில்தான். நேராகப் போகும்போது பிறேக் முழுச் சட்டியையும் எடுத்துக்கொள்ளலாம். வளைவில் சரிந்திருக்கும்போது பாதிச் சொதி ஏற்கனவே பரிமாறியாகிவிட்டது. அந்த நேரத்தில் பிறேக்கை இறுக்கினால் சட்டி காலி, ரயர் வழுக்கும். ஆகவே வேகத்தை வளைவுக்கு முன்னரே, நேராக நிற்கும்போதே குறைக்க வேண்டும்.

சட்டியும் எப்போதும் ஒரே அளவில்லை. மாரியில் செம்மண் தோட்டங்களில் இருந்து ஏறும் ரக்ரர் சில்லுகள் வீதியில் சேற்றை அப்பிவிட்டுப் போகும். கீரிமலைப் பக்கம் காற்று மணலைக் கொண்டுவந்து ஓரத்தில் கொட்டும். அங்கெல்லாம் சொதி கால்சட்டிதான். 2015 ஜனவரியில் காங்கேசன்துறைக்கு மறுபடி றெயில் வரத் தொடங்கிய பிறகு தண்டவாளக் கடவைகளும் எங்கள் வாழ்க்கைக்குத் திரும்பி வந்துவிட்டன. நனைந்த இரும்பில் சொதி ஒரு அகப்பைதான். அதனால் முன்னரே வேகத்தைக் குறைத்து, வண்டியை நிமிர்த்தி, தண்டவாளத்தைக் குறுக்காக வெட்டி, பிறேக்கைத் தொடாமல் கடக்க வேண்டும்.

இப்போது திருப்பல். பலருக்கு நம்பக் கடினமான இடம் இது. தும்புத்தடியைத் தலைகீழாக உள்ளங்கையில் நிறுத்திப் பாருங்கள். அதை இடப்பக்கம் கொண்டுபோக வேண்டும் என்றால் கை முதலில் எந்தப் பக்கம் போகிறது? வலப்பக்கம். கை வலம் போனதும் தடியின் தலை இடம் சாயும், அதன் பிறகுதான் கை அதைத் துரத்திக்கொண்டு இடம் போகும். மோட்டார் சைக்கிளும் இதேதான். ஓரளவு வேகத்தில் இடப்பக்கம் போக, இடக் கைப்பிடியை முன்னே தள்ள வேண்டும். முன் சில்லு ஒரு கணம் வலம் திரும்பும், வண்டி இடம் சாயும், பிறகு இடம் போகும். ஓடுகிற எல்லாரும் தெரியாமலே இதைச் செய்துகொண்டுதான் இருக்கிறார்கள்.

தெரியாமல் செய்வதில் ஆபத்து இருக்கிறது. இடப்பக்கத்தில் இருந்து நாய் பாய்கிறது, விலக வேண்டும். பதற்றத்தில் மூளை சின்னவயது மூன்று சில்லுச் சைக்கிள் ஞாபகத்தில் கைப்பிடியை வலம் திருப்பும். வண்டி இடம் சாயும், நேரே நாயின் மேல். தெரிந்தவன் வலக் கைப்பிடியைத் தள்ளுவான், வண்டி வலம் பாயும். உடம்பைச் சரித்தாலே போதும் என்று வாதாடுபவர்களுக்காக கீத் கோட் ஒரு வண்டியே செய்தார். திரும்பாத இன்னொரு சோடிக் கைப்பிடியை அதில் பூட்டியிருந்தார். அதைப் பிடித்துக்கொண்டு உடம்பை எவ்வளவு சரித்தும் வண்டி சொல்லத்தக்க அளவில் திரும்பவில்லை.

கைகள் இப்படித் தள்ள வேண்டுமென்றால், உடம்பைத் தாங்கும் வேலை அவற்றுக்கு இருக்கக்கூடாது. திருவலையில் இருந்து தேங்காய் துருவுகிறவரின் கால்களைப் பாருங்கள். பலகையைக் கால்தான் இறுக்கிப் பிடித்திருக்கும், கை தேங்காயைச் சுற்றுவதற்கு மட்டும். வண்டியிலும் முழங்காலால் பெற்றோல் தாங்கியைப் பிடித்து உட்கார்ந்து, தோளையும் கையையும் தளர விடுங்கள்.

அடுத்தது கண். விளிம்பு தட்டக் கூழ் நிரம்பிய சட்டியைத் தூக்கிக்கொண்டு முற்றத்துக்குப் போகிறீர்கள். சட்டியையே பார்த்து நடந்தால் சிந்தும். போகும் வாசலைப் பார்த்தால் சிந்தாது. குழியைப் பார்த்தால் வண்டி குழிக்குள்தான் போகும். தடத்தில் பயிற்றுநர்கள் நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருப்பது இதையே: போக வேண்டிய இடத்தைப் பார்.

சரி, தடம் எதைத் தராது? வீதியை வாசிக்கக் கற்றுத் தராது. மதிலும் வேலியும் மறைத்த ஒழுங்கைக்குள் இருந்து சைக்கிளில் பள்ளிப்பிள்ளை வரும் என்பதைத் தடம் சொல்லாது. ஒரு பாடத்தை மறக்கவும் வேண்டும். தடத்தில் வளைவுக்குள் போகும்போது அகலம் முழுவதையும் பாவித்து வெளி ஓரத்தில் இருந்து உள் ஓரத்துக்கு வருவார்கள். எங்கள் வீதியில் இடப்பக்க வளைவின் வெளி ஓரம் என்பது எதிரே வரும் பஸ்ஸின் இடம்.

ஆனாலும் முறையாகப் பழகத்தான் வேண்டும். 1981இல் ஆராய்ச்சியாளர் ஹரி ஹேர்ட் குழுவினர் லொஸ் ஏஞ்சலிஸில் 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளை ஆராய்ந்து அறிக்கை தந்தார்கள். விபத்துக்குச் சற்று முன்னான நடுத்தர வேகம் மணிக்கு 48 கிலோமீற்றர். எங்கள் வீதி வேகம்தான். தப்புவதற்குக் கிடைத்த நேரம் இரண்டு வினாடிக்கும் குறைவு. அடிபட்டவர்களில் 92 வீதமானோர் முறையாகப் பழகாமல், தாங்களாகவோ வீட்டார் நண்பர்களிடமோ பழகியவர்கள். பின் பிறேக்கைப் பூட்டியதும் முன் பிறேக்கைக் குறைவாகப் பிடித்ததும் அதில் திரும்பத் திரும்ப வருகின்றன. மல்லாகத்தில் நான் செய்தது அப்படியே அதில் இருக்கிறது.

ஆனால் பயிற்சி ஆபத்தும் ஆகலாம். நோர்வேயில் கார் ஓட்டப் பழகுவோருக்கு வழுக்கும் தரையில் ஓட்டும் பயிற்சியைக் கட்டாயமாக்கிப் பார்த்தார்கள். பின்னர் ஆராய்ந்தபோது இளம் ஆண்களிடையே விபத்து கூடியிருந்தது. எனக்கு இது விளங்குகிறது. மிச்சம் பிடித்த கவனத்தை அவர்கள் வேகத்தில் செலவழித்துவிட்டார்கள். மணிக்கு 40இல் இருந்து 60 ஆனால் வேகம் ஒன்றரை மடங்குதான், ஆனால் பிறேக் பிடித்து நிற்கும் தூரம் இரண்டேகால் மடங்கு. எந்தக் கைப்பழக்கத்தாலும் அந்தக் கணக்கை மாற்ற முடியாது. அதனால் தம்பியிடம் நான் முதலில் கேட்டது, பழகிய பிறகு என்ன வேகத்தில் ஓடப் போகிறாய் என்பதுதான்.

“இப்ப ஓடுற வேகம்தான் அண்ணை.”

அப்படியானால் சரி. கடல் தாண்டத் தேவையில்லை. ஒரு ஞாயிறு காலை, ஆள் நடமாட்டமில்லாத ஒரு சீமெந்துத் தரையில் வெள்ளை பூசிய சிரட்டைகளைக் கவிழ்த்து அடையாளம் வைத்தோம். ஹெல்மெட், சப்பாத்து, நீளக்கைச் சட்டை. முதலில் 20 கிலோமீற்றர் வேகத்தில் முன் பிறேக் மட்டும், இரண்டு விரலால். பிறகு 30. பிறகு இரண்டு பிறேக்கும் சேர்த்து 40. ஒவ்வொரு தடவையும் “உரல், உரல்” என்று நான் கத்திக்கொண்டு நின்றேன்.

முதலில் அவன் பழக்கப்படி பின் பிறேக்கோடு 40இல் நின்ற இடத்துக்கு ஒரு சிரட்டை வைத்தோம். பதினெட்டு மீற்றர். வெயில் ஏறும் நேரத்தில், முப்பதாவது தடவையோ என்னவோ, பதினொன்றில் நின்றான். இரண்டு சிரட்டைக்கும் நடுவில் ஏழு மீற்றர். அவன் வண்டியை விட்டு இறங்கி அந்த இடைவெளியைக் காலால் அளந்தான். பிறகு எங்கள் ஒழுங்கை வாயின் அகலம் எவ்வளவு என்று கேட்டான். மூன்று மீற்றர் வரும் என்றேன்.